மதிப்பெண் யாருக்கு?

ஆசிரியர் வேலையில் இருந்த காலமெல்லாம் வினாத்தாள் தயாரித்தவன் நான். ஒரு கேள்வியைப் பார்த்ததுமே அது மாணவனைச் சோதிக்கிறதா, பேருக்குக் கேட்டிருக்கிறார்களா என்று சொல்லிவிடுவேன். எனக்கு ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்று டாக்டர் எழுதித் தந்த பிறகு, இந்த நோய்க்காரர்களுக்கென்றே ஒரு வினாத்தாள் இருப்பது தெரியவந்தது. விடுவேனா? வரி வரியாகப் படித்தேன்.

அமெரிக்காவில் செவிலியர் துறைப் பேராசிரியர் பார்பரா ரீகல் தம் குழுவோடு சேர்ந்து உருவாக்கியது அது. 2004இல் வந்தது, 2009இலும் 2019இலும் திருத்தினார்கள். நோயாளி தன்னைத் தானே எவ்வளவு கவனித்துக்கொள்கிறார் என்பதற்கு 0 முதல் 100 வரை மதிப்பெண். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் கணக்கு. 70 வாங்கினால் தேறியதாக வைத்துக்கொள்வது வழக்கம்.

முதல் பகுதி சுலபம். மாத்திரையைத் தவறாமல் போடுகிறீர்களா, உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறீர்களா, உடம்புக்கு வேலை கொடுக்கிறீர்களா என்று போகிறது. கேட்பவர் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றுக்கும் ‘எப்போதும்’ என்று சொல்லிவிடுவோம். ஆனால் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது: உறவினர், நண்பர் வீட்டுக்குப் போகும்போது உப்புக் குறைந்த சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறீர்களா? இதற்கு நம் ஊரில் எத்தனை பேர் நிஜத்தைச் சொல்வோம்? சம்பந்தி வீட்டுப் பந்தியில் உட்காரும்போதே இலையில் ஊறுகாயும் அப்பளமும் வந்துவிடுகின்றன. சாம்பாரை ஒதுக்கினால், “சமையல் பிடிக்கலையா மாமா?” என்று முகம் வாடிப்போகும். மனுஷனுக்கு நோயைவிட மரியாதை பெரிதாகப் படும் இடம் அது.

கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போகிற அன்று காலையில், சிறுநீரைக் கூட்டும் ‘தண்ணி மாத்திரை’யைப் போடாமல் விடுகிறவர்களை எனக்குத் தெரியும். மறதியில்லை. வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் இதை டாக்டரிடம் சொன்னால், ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று பார்த்துச் சொல்வார். நாம் சொல்வதில்லை. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை, உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கி இதயத்துக்குச் சுமை ஏற்றும் என்பதையும் பலர் அறிவதில்லை.

வினாத்தாளில் எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. 2019 திருத்தத்தில்தான் இதைத் தனியாகப் பிரித்தார்கள். தினமும் எடை பார்க்கிறீர்களா, கணுக்காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறீர்களா, குளிக்கும்போதும் உடுத்தும்போதும் மூச்சு வாங்குகிறதா என்று கவனிக்கிறீர்களா? கடைசியில், போன முறை தொந்தரவு வந்தபோது அதை எவ்வளவு சீக்கிரம் உணர்ந்தீர்கள், அது இதயத்தால் வந்தது என்று எவ்வளவு சீக்கிரம் தெரிந்தது என்று இரண்டு கேள்வி. மனப்பாடம் செய்தவன் இங்கே மாட்டிக்கொள்வான்.

ஏனென்றால் நாம் தொந்தரவை உணராமல் இல்லை. அதற்கு வேறு பெயர் வைத்துவிடுகிறோம். வாயு, வெயில், வயசு, கல்யாண அலைச்சல். என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர் படுக்கையில் மூன்றாவது தலையணை வைத்தார். மெத்தை சரியில்லை என்றார். தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டியது என்பது ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் வெளியே வந்தது. உடம்பில் ஒரு லிட்டர் தண்ணீர் தேங்கினால் எடை ஒரு கிலோ ஏறுகிறது. கால் வீக்கம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் டாக்டரைக் கூப்பிடு என்கிறார்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், வெறும் வயிற்றில், அதே மாதிரி உடுப்போடு, அதே மெஷினில் நின்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நிமிஷம் ஆகுமா?

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 2013இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 18 ஆஸ்பத்திரிகளில் இந்த நோயோடு சேர்ந்த 1205 பேரைப் பின்தொடர்ந்தார்கள். மூன்று வருஷத்துக்குள் சுமார் 45 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். அந்த 1205 பேரில் பெண்கள் 31 சதவீதம்தான். பெண்களுக்கு நோய் குறைவா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவது குறைவா என்பது எனக்குள் இருக்கும் சந்தேகம்.

இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. வினாத்தாளில் ‘நீங்கள்’ என்றே எல்லாக் கேள்வியும் கேட்கிறார்கள். நம் வீடுகளில் அந்த ‘நீங்கள்’ யார்? மாத்திரையை டப்பாவில் பிரித்து வைப்பவள் மனைவி. உப்பைக் குறைத்து இரண்டு விதமாகச் சமைப்பவளும், “கால் வீங்கியிருக்கே, பாத்தீங்களா?” என்று கேட்பவளும் அவளே. 70 மதிப்பெண் மட்டும் நமக்கு! இத்தாலியில் எர்கோலே வெல்லோனே என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இதைக் கவனித்து, பராமரிப்பவர் பங்கை அளக்க இதே வினாத்தாளை மாற்றி 2013இல் வெளியிட்டார்கள். அறிவுள்ள காரியம். ஆனால் நோயாளியே வீட்டுக்காரியாக இருந்தால் அந்தத் தாளை யார் நிரப்புவது? அவள் காலில் மெட்டி இறுகியதை அவளைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. அவளும் அடுப்படியில் நின்றதால் வந்தது என்று விட்டுவிடுவாள்.

இந்த அளவுகோலுக்கும் குறை உண்டு. பதிலைத் தானே எழுதிக்கொள்ளும் பரீட்சையில் பொய் சொல்கிறவனும் 100 வாங்கலாம். பத்து பதினைந்து நாள் எடையைத் தேதி போட்டு எழுதிய ஒரு சின்ன நோட்டு, அதைவிட நம்பத்தக்க சாட்சி. ஐந்து நிமிஷம் மட்டுமே கிடைக்கும் டாக்டருக்கும் அதுதான் உதவும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அப்பாவுக்கு எடை மெஷின் வாங்கி அனுப்புகிறீர்கள், நல்லது. போனில் அவர் எடையைக் கேட்கும்போது, அம்மாவையும் அதில் ஏறி நிற்கச் சொல்லிக் கேளுங்கள்.