திரையின் ஓரங்கள்

தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய கதையைக் கட்டுரையாக எழுத நேரும் என்று நாங்கள் எண்ணியதில்லை. இரண்டு பெட்டிகளை ஒப்பிட்டுப் பார்க்கக் கடைக்குப் போனோம். ஒப்பிடுவது எப்படி என்று நமக்கே தெரியவில்லையே என்ற எண்ணத்துடன் திரும்பினோம். கணவன் மனைவி இருவருக்கும் இதில் சம பங்கு உண்டு என்பதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

எங்கள் வீடு திருச்சி உறையூரில் இருக்கிறது. கூடத்தில் 2012இல் வாங்கிய 32 அங்குலப் பெட்டி ஒன்று இருந்தது. அதை அதிகம் பார்ப்பவர் அம்மா. எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை, வயது 76. நாற்காலியை விட்டுவிட்டு, மோடாவைத் திரைக்கு ஐந்தடி தூரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். இவ்வளவு பக்கத்தில் வேண்டாமே என்றால், "தள்ளி உக்காந்தா மங்கலா இருக்கு" என்பார். பெட்டி சிறியது, அதனால்தான் மங்கல் என்று நாங்களே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டோம்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கான சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. தீபாவளிக்கு முன் பெரிய திரை ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். அம்மா இனி மோடாவை இழுக்க வேண்டியதில்லை என்று மகிழ்ந்தோம்.

இரண்டு வாரம் படித்தும் விசாரித்தும் இரண்டு பெட்டிகளைத் தேர்ந்து வைத்தோம். ஒன்று 65 அங்குல மினி எல்.இ.டி.; மற்றொன்று 55 அங்குல ஓ.எல்.இ.டி. விலையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதே பணத்துக்குப் பரப்பு வேண்டுமா, தரம் வேண்டுமா என்பதே கேள்வி. 65 அங்குலத் திரையின் பரப்பு 55 அங்குலத் திரையின் பரப்பைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல்.

தொழில்நுட்பத்தை எங்களுக்குப் புரிந்த அளவில் சொல்கிறோம். எல்.இ.டி. என்று விற்கப்படும் பெட்டிகளில் படத்தை உண்டாக்குவது திரவப் படிகத் திரை. அதற்குத் தன்னொளி கிடையாது. பின்னால் எரியும் விளக்கின் முன் இலட்சக்கணக்கான சிறு கதவுகள் திறந்து மூடுவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். கதவை எவ்வளவு இறுக மூடினாலும் கொஞ்சம் ஒளி கசியும்; ஆகவே கறுப்பு சற்றே சாம்பலாகத் தெரியும். மினி எல்.இ.டி. வகையில் பின்விளக்குகள் மிகச் சிறியவை. பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். படத்தின் இருண்ட பகுதிகளுக்குப் பின்னால் மட்டும் ஒளியைக் குறைக்க முடியும். ஓ.எல்.இ.டி.யில் பின்விளக்கே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, தானே அணைகிறது. அணைந்தால் முழு இருள். ஆனால் வெயில் நிறைந்த அறையில் மினி எல்.இ.டி.யின் பிரகாசம் இதற்கு வராது. அலைவரிசைச் சின்னம் போல அசையாத உருவம் நெடுங்காலம் ஒரே இடத்தில் எரிந்தால் அதன் தடம் நிலைத்துவிடும் வாய்ப்பும் உண்டு.

இவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில், பதிப்பாசிரியர் பாடபேதம் குறிப்பது போல, இரு பத்திகளாக எழுதி வைத்திருந்தோம். அதை எடுத்துக்கொண்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு, ஒரு வார நாள் பிற்பகலில் சாஸ்திரி சாலைக் கடை ஒன்றுக்குப் போனோம். பார்க்கப்போகிறவர் அவர்தானே, அவரும் வரட்டும் என்று அழைத்தோமே தவிர, அவரிடம் கேட்டு முடிவு செய்யும் எண்ணம் எங்களுக்கு இருக்கவில்லை. இதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

கடையில் இரண்டு பெட்டிகளும் அடுத்தடுத்து மாட்டப்பட்டிருந்தன. தேன் மெதுவாக வழிந்தது, பஞ்சவர்ணக் கிளி சிறகை விரித்தது, அருவி கொட்டியது. விற்பனையாளரான இளைஞர், "சார், இந்தப் பச்சையப் பாருங்க, மேடம், இந்தக் கறுப்பப் பாருங்க" என்று காட்டிக்கொண்டே வந்தார். கடைகளில் பெட்டிகளை மிகையான பிரகாசத்தில், மிகையான நிறத்தில் வைத்திருப்பார்கள் என்று படித்திருந்ததால், அந்த அமைப்பை மாற்றச் சொன்னோம். பிறகு, வீட்டில் நாங்கள் பார்ப்பது தேனும் கிளியும் அல்ல, கேபிளில் வரும் படங்கள்தாம், அதைப் போடுங்கள் என்று கேட்டோம். சலித்துக்கொள்ளாமல் ஒரு செட்டாப் பெட்டியைக் கொண்டுவந்து இணைத்தார்.

படம் சட்டென்று தரம் தாழ்ந்தது. அதற்கு அவர் சொன்ன விளக்கம் எங்களுக்குப் பிடித்திருந்தது. இந்தத் திரைகளில் குறுக்கே 3840, நெடுக்கே 2160 புள்ளிகள். மொத்தம் ஏறத்தாழ 83 இலட்சம். பழைய தரத்தில் வரும் அலைவரிசையில் 720க்கு 576 தான். நான்கு இலட்சத்துச் சொச்சம். ஆகவே வருகிற ஒரு புள்ளியைக் கொண்டு திரை இருபது புள்ளிகளை நிரப்ப வேண்டும். "இல்லாததை அக்கம்பக்கம் பார்த்து அதுவே யூகிச்சு நிரப்பிக்கும் சார்" என்றார்.

இளைஞர் அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டார். திரைக்கு ஐந்தாறு அடி தூரம் இருக்கும். 65 அங்குலத் திரையில் ஏதோ ஒரு குடும்பப் படம். நடுவில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். இடப்பக்கம் நின்ற ஒருவர் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா கேட்டார்: "பேசறது யாரு? ஆளையே காணோமே?"

நாங்கள் திரையைக் காட்டினோம். அம்மா தலையை இடப்பக்கம் திருப்பினார். "ஆமா, இங்க நிக்கிறாரு" என்றார். உடனே, "அந்தப் பொண்ணு எங்க போயிட்டா?" என்றார். பெண் போகவில்லை, நடுவிலேயே இருந்தாள். அம்மா தலையை இப்படியும் அப்படியுமாக, நீண்ட வரியைப் படிப்பவர் போல, அசைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தாமே நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து இழுத்து, துவைக்கும் இயந்திரங்கள் இருந்த வரிசை வரைக்கும் கொண்டுபோய் உட்கார்ந்தார். "இங்க இருந்து பாத்தா எல்லாரும் தெரியறாங்க தம்பி" என்று அந்த இளைஞரிடம் சொன்னார்.

எங்கள் கையில் குறிப்பேடு திறந்திருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வது, பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவது, தெருவில் வண்டி அருகே வந்த பிறகே திடுக்கிட்டு ஒதுங்குவது ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. அப்போதெல்லாம், "பார்த்து நடக்கக் கூடாதா?" என்றுதான் கேட்டிருக்கிறோம். கருப்பு வெள்ளைப் படங்களையே அவர் விரும்பிப் பார்ப்பதும் நினைவுக்கு வந்தது. "பழசுதான் நல்லாத் தெரியுது" என்பார். ரசனை என்று எண்ணியிருந்தோம். அந்தப் படங்கள் இரு ஓரங்களிலும் கறுப்புப் பட்டை விட்டுத் திரையின் நடுப்பகுதியில் மட்டும் தெரிபவை, அவ்வளவுதான்.

பெட்டி வாங்காமல் திரும்பினோம். மறுநாள் காலை கண் மருத்துவமனைக்குப் போனோம்.

நோயின் பெயர் கிளாக்கோமா. பார்வை நரம்பு சிறுகச் சிறுக அழிகிறது. பெரும்பாலும் கண்ணின் உள்ளழுத்தம் காரணமாக இருக்கும்; அழுத்தம் இயல்பாக இருப்பவர்களுக்கும் வருவதுண்டு. வலி இல்லை. பார்வை ஓரங்களிலிருந்து குறைந்துவரும். நடுப்பார்வை கடைசி வரை ஓரளவு நன்றாகவே இருக்கக்கூடும். அதனால்தான் அம்மாவால் ஊசியில் நூல் கோக்க முடிந்தது, நாளிதழ் படிக்க முடிந்தது. ஒவ்வோர் ஆண்டும் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டித் தேறிக்கொண்டே வந்தார். கண்ணின் அழுத்தத்தை அங்கே யாரும் அளக்கவில்லை. அளக்கச் சொல்ல எங்களுக்கும் தெரியவில்லை. ஒளி மங்கிய இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவதும் இந்நோயில் கடினமாகிவிடுமாம். ஐந்தடிக்கு மோடாவை இழுத்த காரணம் அது.

பார்வைப் புலப் பரிசோதனை என்று ஒன்று. ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கேனும் ஒளி மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். அச்சாகி வந்த தாளில் நடுவில் ஒரு வெளிச்சத் தீவு; சுற்றிலும் கறுப்பு.

"இவ்வளவு குறைந்தும் அவருக்கே எப்படித் தெரியாமல் போனது?" என்று மருத்துவரைக் கேட்டோம். "தெரியாத இடம் கறுப்பாகத் தெரியாது. அக்கம்பக்கத்தை வைத்து மூளை அதை நிரப்பிக்கொள்ளும்" என்றார். மூன்று நாளைக்கு முன் கடையில் கேட்ட வாக்கியம். இழந்ததை மீட்க வழியில்லை, இருப்பதைக் காக்கத் தினமும் தவறாமல் சொட்டு மருந்து போட வேண்டும், அவருடைய பிள்ளைகளும் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், நெருங்கிய இரத்த உறவினருக்கு இது வரும் வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னார். எங்களில் ஒருவர் அன்றே பரிசோதித்துக்கொண்டார்.

பெட்டிக் கதைக்கு வருவோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய நாளிதழ்த் தாள்களை ஒட்டி மூன்று திரைகள் செய்தோம்: 65 அங்குலத்துக்கு 144 சென்டிமீட்டர் அகலம், 81 உயரம், 55க்கு 122, 69, 43க்கு 95, 54. கூடத்துச் சுவரில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தோம். அம்மா ஒன்பதடி தூரத்தில், நாங்கள் வழக்கமாக உட்காரும் சோபாவில் உட்கார்ந்தார். பொட்டையே பார்க்கச் சொல்லி, தாளின் ஓரங்களில் கையை அசைத்தோம். முதல் தாளில் இரு ஓரங்களும் அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவதில் இடது ஓரம் தெரியவில்லை. மூன்றாவதில் ஏறத்தாழ முழுவதும் தெரிந்தது. இது மருத்துவப் பரிசோதனை ஆகாது. ஆயினும் எங்கள் குறிப்பேட்டில் இருந்த எந்தப் பத்தியையும்விட இது எங்களுக்கு அதிகம் சொன்னது.

தொல்காப்பிய உவமவியல், ஒப்புமை தோன்றும் வழிகளாக நான்கைச் சொல்கிறது. உரு என்பது நிறம்; மெய் என்பது வடிவு; மற்ற இரண்டு வினையும் பயனும். ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் பாடம். கடையில் நாங்கள் நிறத்தை ஒப்பிட்டோம், வடிவை ஒப்பிட்டோம், உள்ளே விளக்கு எரிகிற வினையைக்கூடப் படித்துக்கொண்டு போய் ஒப்பிட்டோம். பயன் என்னும் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தோம். பயன் பெட்டிக்குள் இருப்பதில்லை, உட்கார்ந்து பார்ப்பவரிடம் இருக்கிறது என்பதால் அது எந்த விலைச்சீட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

கணக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் வேறொரு யோசனை சொன்னார். பெரிய திரையையும் தள்ளி வைத்துப் பார்த்தால் கண்ணுக்குச் சிறிதாகிவிடும். 55 அங்குலத்தைப் பன்னிரண்டு அடியிலிருந்து பார்ப்பதும் 43 அங்குலத்தை ஒன்பது அடியிலிருந்து பார்ப்பதும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஆசைப்பட்ட ஓ.எல்.இ.டி.யையே வாங்கிக்கொண்டு, அம்மாவின் நாற்காலியை மட்டும் பின்னால் தள்ளிப் போடலாம். கறுப்பும் வெளுப்பும் நன்றாகப் பிரிந்து தெரியும் என்பதால் அவருக்கும் நல்லது. நியாயமான யோசனைதான். அளந்து பார்த்தோம். எங்கள் வீட்டில் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி என்பது சமையலறை வாசல்.

1980களின் பிற்பகுதியில் எங்கள் வீட்டில் மரக்கதவு வைத்த கருப்பு வெள்ளை சாலிடேர் பெட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை படம். அக்கம்பக்கத்தாரும் வந்து கூடம் நிறைந்திருக்கும். அம்மா கூடத்தில் உட்கார்ந்து பார்த்ததாக நினைவில்லை. சமையலறை வாசலில், நிலையில் சாய்ந்து, கையில் கரண்டியோ முறமோ வைத்துக்கொண்டு, பாதிப் படம் பார்ப்பார். அவர் கூடத்துக்கு வந்து எங்களோடு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியதே மாமா காலமானதற்குப் பிறகுதான்.

நாங்கள் வாங்கியது 43 அங்குலப் பெட்டி. தேர்ந்து வைத்த இரண்டில் எதுவும் இல்லை. சாதாரண எல்.இ.டி.; கறுப்பு சற்றுச் சாம்பல்தான். பார்க்க வந்த உறவினர்கள், "இன்னும் பெருசா வாங்கியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் அம்மாவுக்குச் சொட்டு மருந்து. இடைப்பட்ட நேரத்தில் சோபாவில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து படம் பார்க்கிறார். எப்போதாவது, "பேசறது யாரு?" என்று கேட்பார். இப்போது நாங்கள் திரையைச் சுட்டிக் காட்டுவதில்லை; யார் என்று சொல்லிவிடுகிறோம்.