ஏரிக்கரையில் ஒரு பகல்



நம் வீட்டுப் பரணிலிருந்து பயணப் பை எப்போதெல்லாம் இறக்கப்படுகிறது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். உறவினர் இல்லத்தில் நிக்காஹ் என்றால் இறங்கும். மய்யித்துச் செய்தி வந்தால் இறங்கும். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவமனையில் தங்க வேண்டுமென்றால் இறங்கும். அல்லாஹ் நாடி வசதியையும் தந்தால் ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ இறங்கும். கணவனும் மனைவியும் ஒரு நாள் தனித்திருந்து பேசிவிட்டு வருவதற்கென்றே அந்தப் பை இறங்கிய வீடுகள் நம்மில் எத்தனை இருக்கும்?

"அதெல்லாம் புதுமாப்பிள்ளைக்கும் புதுப்பெண்ணுக்கும் உரியது" என்று நீங்கள் புன்னகைப்பது எனக்குத் தெரிகிறது. திருமணமாகி முப்பது ஆண்டுகளைக் கடந்தவர்களுக்குத்தான் அது மிகுதியும் தேவை என்று சொல்லவே இதனை எழுதுகிறேன்.

நான் பிறந்தது வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில். வாழ்க்கைப்பட்டது திருவண்ணாமலையில். இப்போது குடியிருப்பது நகரை ஒட்டிய வேங்கிக்காலில். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் இடம் என்பதால் பலரும் அறிந்திருப்பீர்கள். எங்கள் இளைய மகளும் மணமாகிச் சென்றபின் வீட்டில் மூவரே எஞ்சினோம்: எண்பதைக் கடந்த என் மாமியார், பணி ஓய்வு பெற்ற என் கணவர், நான்.

பிள்ளைகள் இருந்தவரை எங்கள் பேச்சுக்குப் பொருள் தந்தவர்கள் அவர்களே. பள்ளிக் கட்டணம், காய்ச்சல், தேர்வு, மாப்பிள்ளை பார்த்தல் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது. அவர்கள் சென்றபின் ஒரு நாள் இரவு, அன்று முழுவதும் நாங்கள் இருவரும் பேசியவற்றை எண்ணிப் பார்த்தேன். "மாத்திரை போட்டீர்களா?" "பால் வந்ததா?" "விளக்கை அணைத்துவிடு." அவ்வளவே. எங்களுக்குள் சண்டை இல்லை, மனக்கசப்பும் இல்லை. ஆயினும் அச்சமாக இருந்தது. கணவன் மனைவியரை ஒருவரிடம் ஒருவர் அமைதி பெறுவதற்காகப் படைத்து, அவர்களிடையே அன்பையும் கருணையையும் வைத்திருப்பதாக இறைவன் சூரா ரூமில் கூறுகிறான். பேச்சற்றுப் போவதும் அந்த அமைதியும் ஒன்றல்ல அல்லவா?

"இந்த வயதில் என்ன ஊர் சுற்றல்?" என்று கேட்பவர்கள் நம் தெருவிலும் இருப்பார்கள். அவர்களுக்கு நம் மார்க்கமே மறுமொழி தருகிறது. பயணமொன்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்ததும், அன்னையார் முந்தியதும், பின்னொரு காலத்தில் அன்னையார் உடல் பருத்திருந்தபோது மீண்டும் ஓடி, இம்முறை நாயகம் (ஸல்) அவர்கள் முந்தி, அதற்கு இது ஈடு என்று கூறியதும் அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. பயணத்தின்போது இரவு நேரங்களில் அன்னையாரோடு உரையாடிக்கொண்டே சென்றதை புகாரியில் காண்கிறோம். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த தோழர் ஒருவரிடம், உம் மனைவிக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் நினைவூட்டியதும் நமக்குத் தெரிந்ததே. ஒரு சமுதாயத்தையே நடத்திச் சென்றவர்களுக்கு இதற்கு நேரம் இருந்தது.

என் கணவரிடம் நானே பேச்சைத் தொடங்கினேன். எங்கே போகலாம் என்றார். தண்ணீர் இருக்கும் இடம் என்றேன். "நம் ஊரிலேயே ஏரி இருக்கிறதே?" என்றார். உண்மைதான். வேங்கிக்கால் ஏரி மழை மிகுந்த ஆண்டுகளில் நிரம்பிக் கோடி போகும்போது ஊரே வேடிக்கை பார்க்கும். ஆனால் அதன் கரையில் நின்றாலும் அடுப்பில் வைத்த பாலின் நினைவு வந்துவிடும். அடுப்பின் நினைவு வராத தொலைவு எனக்கு வேண்டியிருந்தது.

மூன்று இடங்களை எண்ணிப் பார்த்தோம். முதலாவது ஏலகிரி. எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவு. 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், மலைமேல் புங்கனூர் ஏரியில் படகு விடுகிறார்கள். மலையடிவாரப் பக்கத்தில் வாணியம்பாடியும் ஆம்பூரும் இருப்பதால் ஹலாலான உணவுக்கும் தொழுகைக்கும் தடையில்லை. இரண்டாவது ஜவ்வாது மலை. போளூர் வழியே ஏறினால் ஜமுனாமரத்தூர். அங்கே கோலப்பன் ஏரியில் படகுத்துறை, அருகில் பீமன் அருவி, அதே மலைத்தொடரில் காவலூர் வானாய்வகம். சாமையும் மலைத்தேனும் கிடைக்கும் ஊர். மூன்றாவது, 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல், தண்டராம்பட்டு வழியே சென்றால் சாத்தனூர் அணை.

கணவரின் மனம் ஏலகிரியில் இருந்தது. என் மனம் வீட்டிலேயே தங்கிவிட்டது. மாமியாரை யார் பார்த்துக்கொள்வது? எழுந்து நடமாடக் கைத்தாங்கல் வேண்டும். நாளுக்கு மூன்று வேளை மாத்திரை. வுளூச் செய்ய வெந்நீர். நம்மில் பலருடைய பயணங்கள் நின்றுபோகும் இடம் இதுதான். பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையைக் குறைத்துவிட்டுப் பெறும் மகிழ்ச்சியில் பரக்கத் இருக்குமா என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. ஆகவே மறைக்காமல் மாமியாரிடமே சென்று சொன்னேன்.

அவர்கள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நானும் ஒங்க மாமாவும் ஒரு தரம் சாத்தனூருக்குப் போனோம் புள்ள. அணை கட்டின புதுசு. புளிச்சோறு கட்டிக்கிட்டு பஸ்ஸுல போனோம்" என்றார்கள். முப்பது ஆண்டுகளில் நான் கேட்டிராத செய்தி. "அஞ்சு புள்ள பெத்தேன். அவரு மவுத்தாகுற வரைக்கும், அவரோட தனியா உக்காந்து சோறு தின்னது அந்த ஒரு நாளுதான். போயிட்டு வாங்க" என்றார்கள். சொல்லிவிட்டுத் தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கிவிட்டார்கள்.

சாத்தனூர் என்று அன்றே முடிவாயிற்று. அது ஒரு பகலில் போய்த் திரும்பக்கூடிய தொலைவு. பயணத்தின் நோக்கம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புமாறு நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருப்பதும் நினைவுக்கு வந்தது. சேத்துப்பட்டில் இருக்கும் நாத்தனாரை ஒரு நாள் வந்திருக்கச் சொன்னோம். வேளைக்குரிய மாத்திரைகளைத் தனித்தனிப் பொட்டலமாக்கி, நேரத்தை மேலே எழுதி வைத்தேன். அடுத்த மாதம் நாத்தனாரும் அவர் கணவரும் வெளியூர் செல்ல, அவர்கள் வீட்டுப் பொறுப்பை நாங்கள் ஏற்பது என்று பேசிக்கொண்டோம். உதவியை ஒருவழிப் பாதையாக்காமல் இருந்தால் எவருக்கும் பாரமாகத் தோன்றாது.

அடுத்தது நாள் பார்த்தல். நல்ல நேரம், கெட்ட நேரம் பார்ப்பதைச் சொல்லவில்லை. எங்கள் ஊரின் நடைமுறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு பௌர்ணமியிலும் இலட்சக்கணக்கான இந்துச் சகோதரர்கள் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வர இங்கே கூடுகிறார்கள். பேருந்துகள் நிரம்பி வழியும். வாகனங்கள் நகருக்கு வெளியிலேயே நிறுத்தப்படும். கார்த்திகை தீபத்தின்போது சொல்லவே வேண்டாம். நமக்கோ இது கணக்கிட எளிது. பௌர்ணமி என்பது நம் பிறைக் கணக்கில் 14, 15ஐ ஒட்டி வரும். 13, 14, 15 ஆகிய நாள்களின் சுன்னத்தான நோன்பை நோற்பவர்கள் அந்நாள்களில் வீட்டிலிருப்பதே பொருத்தம். ஞாயிற்றுக்கிழமையில் அணைப் பூங்காவில் கூட்டம் மிகும். எனவே பிறை 20ஐ ஒட்டிய ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தோம்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் தொடக்கத்தில், சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையின் ஊர்கள் பலவும் வெள்ளத்தில் மூழ்கின. அதே மழையில் டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். அந்த வீடுகள் இருந்த இடத்தை இன்றும் கனத்த மனத்துடனேயே கடந்து செல்கிறோம். ஆகவே வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் நாள்களில் அணைக்கோ மலைக்கோ செல்ல வேண்டாம். எந்த நாளிலும் நீரில் இறங்க வேண்டாம். முதலைப் பண்ணை அமைந்திருக்கும் இடம் அது.

தொழுகையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சுவையான பேச்சு எழுந்தது. நான் ஷாஃபிஈ மத்ஹபில் வளர்ந்தவள், கணவர் ஹனஃபி. கஸ்ராகத் தொழலாமா என்று கேட்டேன். ஹனஃபி மத்ஹபில் ஏறத்தாழ 77 கிலோமீட்டர், ஷாஃபிஈ மத்ஹபில் சற்றுக் கூடுதலாக 80 கிலோமீட்டருக்கு மேல் என்பது பரவலாகக் கொள்ளப்படும் கணக்கு. ஏலகிரி என்றால் இருவருக்கும் சலுகை உண்டு; சாத்தனூருக்கு இருவருக்குமே இல்லை. லுஹரையும் அஸரையும் அவற்றின் நேரத்தில் முழுமையாகவே தொழ வேண்டும். எனவே ஒரு முஸல்லா, வுளூவுக்கு ஒரு குடுவைத் தண்ணீர், கிப்லாவை அறியக் கைப்பேசி ஆகியவற்றை எடுத்துக்கொண்டோம். நீண்ட பயணம் செல்பவர்கள் தங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவது நன்று.

உணவு? புளிச்சோறுதான், மாமியாரின் சொற்களுக்குப் பின் வேறொன்று கட்ட மனம் வரவில்லை. சாத்தனூரில் பொரித்த மீன் பெயர் பெற்றது. மீனுக்கு அறுப்புச் சிக்கல் இல்லை. ஆனால் அதே எண்ணெயில் கோழியும் பொரிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

சுபுஹு தொழுதபின் புறப்பட்டோம். 1958இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது கட்டி முடிக்கப்பட்ட அணை அது. 119 அடி உயரத்துக்கு, 7,321 மில்லியன் கன அடி நீரைத் தேக்கக்கூடியது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து கடலூர் அருகே கடலில் சேரும் தென்பெண்ணையை இங்கே குன்றுகளுக்கிடையே நிறுத்தியிருக்கிறார்கள். அணை புதிதாக இருந்த காலத்தில் என் மாமனாரும் மாமியாரும் நின்ற இடம் எதுவாக இருக்கும் என்று இருவரும் தேடினோம். கண்டறிய முடியுமா என்ன! பூங்காவில் ஒரு மரநிழலில் அமர்ந்தோம்.

முதல் ஒரு மணி நேரம் வழக்கம்போல் மாத்திரைப் பேச்சும் மகள் பேச்சும்தான். சொற்கள் தீர்ந்தபின் நீண்ட மௌனம். பிறகு அவர் கேட்டார்: "வெள்ளாறு இதைவிடப் பெரிதா?" என் சிறுவயதையும், அத்தாவின் கைப்பிடித்துத் தோணியில் ஆற்றைக் கடந்ததையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நானும் அவரைக் கேட்டேன், ஏன் இப்போதெல்லாம் பேசுவதே இல்லை என்று. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அலுவலகத்தில் நாள்தோறும் நாற்பது பேர் என்னிடம் ஏதாவது கேட்பார்கள். ஓய்வு பெற்றபின் எவரும் எதுவும் கேட்பதில்லை. நான் தேவைப்படுகிறேனா என்றே தெரியவில்லை." ஒரே கூரையின் கீழ் இருந்தும் வீட்டில் வெளிவராத சொல் அது. லுஹர் நேரம் வந்தது. அவர் முன்னே நிற்க, நான் பின்னே நின்று தொழுதேன். புளிச்சோற்றைப் பகிர்ந்து உண்டோம்.

சகோதரிகளே! பேருந்துக் கட்டணமும் இரண்டு பொட்டலச் சோறும் தவிர எங்களுக்குப் பெரிய செலவில்லை. உங்கள் ஊருக்கு அருகிலும் ஓர் அணையோ ஏரியோ ஆற்றங்கரையோ இருக்கும். கடன் வாங்கிச் செல்லாதீர்கள். அண்டை வீட்டாரைப் பார்த்துப் போட்டிக்கும் செல்லாதீர்கள். முதியோருக்கு ஏற்பாடு செய்துவிட்டு, அவர்களின் துஆவைப் பெற்றுக்கொண்டு செல்லுங்கள். படம் எடுப்பதைக் குறைத்து, ஒருவரிடம் ஒருவர் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மனத்தில் எடுத்துச் செல்லுங்கள்.

இப்போது என் கணவர் நாள்தோறும் மாலையில் தம் தாயாருக்கு நாளிதழைப் படித்துக் காட்டுகிறார். வீட்டுக் கணக்கையும் அவரிடமே ஒப்படைத்திருக்கிறேன். அடுத்த பயணம் ஏலகிரி என்று பேசிக்கொண்டிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

நம் இல்லங்களில் அன்பையும் கருணையையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.