எந்தக் காடு, எந்தக் கண்

மிசௌரி மாநிலத்தின் ஓசார்க் மலைப்பகுதி. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை. துப்பாக்கிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறை. மார்ச் மாதம். இன்னும் சில வாரங்களில் வான்கோழி வேட்டைப் பருவம் தொடங்கிவிடும் என்பதால் சுவரோரம் நீளநீளமான பெட்டிகள் சாய்ந்து நிற்கின்றன. நண்பருக்குத் துணையாக வந்த எனக்கு மூலையில் ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவரும் அவர் பேத்தியும் வருகிறார்கள். அவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். அவளுக்குப் பதினாறு சொல்லலாம். உறையிலிருந்து ஒரு ரெமிங்டன் 870 ஷாட்கன்னை எடுத்து மேசைமேல் கிடத்துகிறார். பட்டறை நடத்தும் பெண்மணி கூலி பேசவில்லை, நலம்கூட விசாரிக்கவில்லை. குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா அறைக்குள் உற்றுப் பார்க்கிறார். பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கிறார். காலிதான். அதற்கப்புறமே முகம் நிமிர்ந்து சிரிப்பு வருகிறது. பதிவேட்டைத் திறந்து வரிசை எண்ணை எழுதிக்கொள்கிறார். துப்பாக்கி ஓர் இரவு கடையில் தங்கினாலும் கணக்கில் ஏற வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அப்படி.

பேத்தியின் கண் அதற்குள் சுவருக்குப் போய்விட்டது. உள்ளங்கை அகல மாதிரித் தகடுகள் வரிசையாகத் தொங்குகின்றன. மரப்பட்டை, நாணல், பனி, பாலைவனம், ராணுவத்தார் விரும்பும் மல்ட்டிகேம், சின்னச் சின்னக் கட்டங்களாலான டிஜிட்டல் வகை. அவள் விரல் நேராகப் போய் நின்றது கறுப்பில் சிவப்பு ஓடும் புலிவரியில்.

"இதுதான் தாத்தா."

பெரியவர் பதில் சொல்லவில்லை. பெண்மணிதான் கேட்கிறார்: "வான்கோழிச் சேவலோட தலை என்ன நிறம்?"

"சிவப்பு... வெள்ளை, நீலமும் இருக்கும்."

"நீ புதருக்குள்ள உட்கார்ந்து பெட்டை மாதிரி குரல் கொடுக்கப் போற. அந்தப் பக்கம் இன்னொருத்தர் அதைக் கேட்டுக்கிட்டு வர்றார். இலைக்கு நடுவுல சிவப்பா ஏதோ அசையுது. அவருக்கு என்ன தோணும்?"

அவள் தகட்டை எடுத்த இடத்திலேயே மாட்டிவிடுகிறாள். அமெரிக்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் விதி இது: வான்கோழிக் காட்டுக்குள் சிவப்பு, வெள்ளை, நீலம் கூடாது. கைக்குட்டையானாலும் சரி, காலுறையானாலும் சரி.

"நீ எங்க உட்காருவ?" என்கிறார் அடுத்தபடியாக. அவள் செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறாள். சரிவில் பருத்த ஓக் மரம், அடியில் சருகு. பெண்மணி மூன்று தகடுகளைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு நடக்கிறார். எதிரே நிற்கிற ஓக் மரத்தின் அடியில் மூன்றையும் சாய்த்து வைத்து, தாத்தாவையும் பேத்தியையும் முப்பது அடி பின்னால் போகச் சொல்கிறார். நானும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்.

கைக்குள் வைத்துப் பார்க்கும்போது நுணுக்கமாகத் தெரிந்த டிஜிட்டல் கட்டங்கள், தள்ளிப்போனதும் ஒன்றோடொன்று கலந்து வெறும் சாம்பல் பலகை ஆகிவிட்டன. ஓரங்கள் நேர்கோடாகத் துருத்திக்கொண்டிருந்தன. நடுவிலிருந்த தகட்டில் பெரிய பெரிய கரும்பழுப்புத் திட்டுகள் விளிம்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தன. தகடு எங்கே முடிகிறது, மரப்பட்டை எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது. மூன்றாவதில் வண்ணம் சரிதான், ஆனால் பளபளப்பு. மேகம் விலகிய நொடியில் அது மட்டும் மின்னியது. உருமறைப்பின் பாடம் மொத்தமும் அந்த மரத்தடியிலேயே கிடைத்துவிட்டது. உருவத்தின் ஓரத்தை உடைக்க வேண்டும். மினுக்கத்தைக் கொல்ல வேண்டும். அழகு அதற்குப் பிறகு.

"கொஞ்சம் பச்சை வேணாமா?" என்கிறாள் பேத்தி.

"ஏப்ரல்ல இங்க இலை அப்பதான் துளிர்க்கும். தரையெல்லாம் போன வருஷச் சருகு. பச்சையைத் தொட்டுக்கற மாதிரி வெச்சா போதும்."

காட்டைப் பார்த்து வண்ணம் தேர்ந்தெடுக்கும் இந்தச் சிந்தனைக்கு அந்த நாட்டில் ஒரு முன்கதை உண்டு. 1986இல் மிசிசிப்பியின் வெஸ்ட் பாயின்ட் ஊரைச் சேர்ந்த டாக்ஸி ஹாஸ், தான் வேட்டையாடும் இடத்து மண், சுள்ளி, இலைகளை அள்ளிக்கொண்டு போய், இதைப்போலவே துணி வேண்டும் என்று ஆலைக்காரர்களிடம் கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் மாஸி ஓக் என்னும் உருமறைப்புத் துணி. பெயருக்குத்தான் ஓக், அவர் உண்மையில் எடுத்துப் போனது தன் காட்டை. இந்தப் பெண்மணி கேட்பதும் அதைத்தான்: உன் காடு எது?

பெரியவர் இப்போது வாய் திறக்கிறார். நவம்பரில் இதே துப்பாக்கியோடு மான் வேட்டைக்கும் போவார்களாம். இந்த வண்ணம் அதற்கு ஒத்துவருமா? மானைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம் என்கிறார் பெண்மணி. மான் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புசெல்கள் இரண்டே வகை. ஆரஞ்சுக்கும் சருகுப் பழுப்புக்கும் அதற்குப் பெரிய வேறுபாடு தெரியாது. அதனால்தான் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பளீர் ஆரஞ்சில் தொப்பியும் மேலாடையும் அணிய வேண்டும் என்று மிசௌரி விதித்திருக்கிறது. மானுக்குத் தெரியாதது சக மனிதனுக்குத் தெரிகிறது. வான்கோழி அப்படியில்லை. நிறங்களை நம்மைவிட நன்றாகவே பிரித்தறியும் பறவை. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் தலையை லேசாகத் திருப்பினாலே சுற்றுப்புறம் முழுக்கப் பார்த்துவிடும்.

நடுத் தகடு முடிவாகிறது. அப்போது பெரியவரின் கட்டைவிரல் துப்பாக்கியின் வால்நட் மரப் பின்கட்டையில் மேலும் கீழும் போய்வருகிறது. கன்னம் பட்டுப் பட்டு அந்த இடத்தில் வார்னிஷ் தேய்ந்திருக்கிறது. பெண்மணி அதைக் கவனித்துவிட்டார்.

"மரத்துல பூசினா திரும்ப எடுக்கறது கஷ்டம். இரும்பை மட்டும் நான் செய்யறேன். பருவத்துல மரத்துக்குத் துணியுறை மாட்டிக்குங்க. முடிஞ்சதும் கழட்டிடலாம்."

பெரியவர் தலையசைக்கிறார். அந்தத் தலையசைப்பில் இருந்த நிம்மதியை அவர் மறைக்க முயலவில்லை.

உள்ளறையில் வேறொருவருடைய துப்பாக்கி தயாராகிக்கொண்டிருக்கிறது. பாகம் பாகமாகக் கழற்றி, அசிட்டோனில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, ஓவனில் சூடேற்றி இடுக்கிலிருக்கும் மிச்ச எண்ணெயையும் கசியவைத்து, அலுமினியம் ஆக்சைடு தூளைக் காற்றழுத்தத்தில் வீசிச் சொரசொரப்பாக்கியிருக்கிறார்கள். அதன்பிறகு வெறுங்கை பட்டால் வேலை பாழ். முதலில் வெளிர் நிறம் அடித்து, அதன்மேல் வினைல் ஸ்டென்சில் துண்டுகளை ஒட்டி அடுத்த நிறம், மறுபடி ஒட்டி இன்னும் கருமையான நிறம். இப்போது பெண்மணி கத்திமுனையால் துண்டுகளை ஒவ்வொன்றாக உரிக்கிறார். கறுப்பாகக் கிடந்த குழலில் முதலில் பழுப்பு எட்டிப் பார்க்கிறது, பிறகு மணல் நிறம். கடைசியில் ஓவனில் சுமார் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சுட்டால் செராகோட் என்னும் இந்தப் பூச்சு இறுகிவிடும். பூச்சின் தடிமன் ஏறக்குறைய 25 மைக்ரான். பொறித்திருக்கும் வரிசை எண் தெளிவாகவே தெரியும். தெரிந்தே ஆக வேண்டும்.

கிளம்பும்போது பேத்தி அந்தச் சிவப்புப் புலிவரியை இன்னொரு முறை பார்க்கிறாள். "ஷெல்ஃபுல வெச்சா அழகாத்தான் இருக்கும்," என்கிறார் பெண்மணி, அவள் மனம் நோகாமல்.

நான் பார்த்தவரை, வண்ணம் பூசத் தெரிந்தவர்கள் பலர் இருக்கலாம்; வாடிக்கையாளர் கேட்டதை மறுக்கத் தெரிந்தவர்தான் நல்ல தொழிலாளி. வேட்டைத் துப்பாக்கிக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கிறவர்கள் சுவரிலுள்ள தகடுகளைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருக்க வேண்டும்: எந்தக் காடு, எந்தப் பருவத்தில்? எந்த உயிரின் கண்? அதே காட்டில் நம்மைத் தவிர வேறு யார் நடமாடுகிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாதவர், முதல் இரண்டையும் எவ்வளவு சரியாகச் சொன்னாலும், காட்டுக்குப் போகக் கூடாது.