கறி இருந்த இடம்

மைசூரு கோகுலத்தில் என் சமையற்கட்டில் தினமும் மதியம் இருபது பேருக்கு உலை வைக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் கறி, மீனை விட்டு ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆனவர்கள். ஐ.டி. கம்பெனிப் பையன்கள், யோகா கற்க வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள், டாக்டர் சொல்லி விட்டவர்கள், மனசு கேட்காமல் விட்டவர்கள். வந்த முதல் வாரத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அக்கா, வயிறு நிறையத்தான் சாப்பிடறேன், ரெண்டு மணி நேரத்துல திரும்பப் பசிக்குதே, ஏன்?"

நானும் இதே கேள்வியோடு இந்த ஊரில் அலைந்திருக்கிறேன்.

எனக்கு ஊர் விருதுநகர் பக்கம். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காவிட்டால் அது ஞாயிறு என்றே தோன்றாத வீடு. 2010இல் குலதெய்வம் கோயிலுக்குப் போனபோது, வேனில் நேர்ந்துவிட்ட கிடா என் மடியில் தலை சாய்த்துக்கொண்டு வந்தது. வழி நெடுக என் முந்தானையை மென்றபடி வந்தது. அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்தேன், கை இலைக்குப் போகவில்லை. அதன் பிறகு போகவே இல்லை. ஒரே நாளில் முடிவெடுத்துவிட்டேன். ஆனால் விட்டுவிட்டு என்ன சாப்பிடுவது என்று எனக்குத் தெரியாது.

முதல் மூன்று மாதம் நான் செய்தது இதுதான்: தட்டிலிருந்து கறியை எடுத்தேன். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. கறி இருந்த இடம் காலியாகக் கிடக்க, அங்கே இன்னொரு கரண்டி சோறு விழுந்தது. தண்ணியாய் ஒரு சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். பதினோரு மணிக்கே பசித்தது, பிஸ்கட் தின்றேன். வெளியே போனால் மைசூரில் எதற்கும் குறைவில்லை: வெண்ணெய் வைத்த மசால் தோசை, பிசிபேளே பாத், கேசரியும் உப்புமாவும் சேர்ந்து வருகிற சௌசௌ பாத், கடைசியில் ஒரு துண்டு மைசூர்பாக். எல்லாம் சைவம்தான். உடம்பு பெருத்தது, முடி கொட்டியது, மத்தியானம் ஆனால் கண் இருட்டியது. விட்டது தப்போ என்றுகூட நினைத்தேன்.

பின்னாளில் காந்தியின் சுயசரிதையில் லண்டன் நாட்களைப் படித்தபோது என் தட்டை அங்கே பார்த்தேன். கறியைத் தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் செய்த சத்தியத்தோடு 1888இல் அங்கே போய் இறங்கினார். தங்கிய வீடுகளில் அவருக்கு என்ன சமைத்துப் போடுவதென்று யாருக்கும் தெரியவில்லை. ரொட்டியும் வெந்த கீரையுமாக அரைப்பட்டினி கிடந்தார். ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவு விடுதி கண்ணில் பட்ட அன்றைக்குத்தான் இங்கிலாந்து வந்தபின் முதன்முதலாக வயிறார உண்டார். சைவத்துக்காக ஹென்றி சால்ட் எழுதிய புத்தகத்தை அங்கே வாங்கிப் படித்த பிறகு சைவம் அவர் தாமே தேர்ந்துகொண்ட வழியானது. எனக்கு அதில் பிடித்தது அந்த வரிசை. சத்தியம் முன்னாலேயே இருந்தது. இல்லாமல் இருந்தது ஒரு சமையற்கட்டுதான். தமிழில் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கென்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். வள்ளலார் பாடியதோடு நிற்காமல் 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

என்னைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டு அஜ்ஜி (கன்னடத்தில் பாட்டி). மண்டியா பக்கத்து விவசாயக் குடும்பம். ஒரு நாள் நான் சாப்பிடுகிற நேரத்தில் மோர் கொடுக்க வந்தவர் என் தட்டைப் பார்த்துவிட்டு நின்றார். "என்ன தாயி, சோத்துக்குச் சோத்தையே தொட்டுக்கிறே?" என்று கன்னடத்தில் கேட்டார். மறுநாள் காலையில் என்னைத் தன் அடுப்படிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அன்றைக்கு அவர் வைத்தது பஸ்ஸாரு.

பஸ்ஸாரு என்றால் வடித்த சாறு. ஒரே பானையில் வெந்தது இரண்டு பண்டமாகப் பிரியும். அஜ்ஜி ஊற வைத்த தட்டப்பயறை முக்கால் வேக்காடு வேகவிட்டு, அதன் தலையில் தண்டுக்கீரையையும் ஒரு கட்டு சப்பசிகெயையும் (நம் ஊரில் சதகுப்பை என்போம்) அரிந்து போட்டு உப்புப் போட்டார். பதம் பார்க்க ஒரு பயறை எடுத்து என் விரலிடுக்கில் வைத்தார். அழுத்தினால் மாவாக வேண்டும், அழுத்தாதவரை தோல் கிழியக் கூடாது. பிறகு ஓட்டைத் தட்டில் கொட்டி வடித்தார். கீழே இறங்கிய அந்தக் கருஞ்சிவப்புத் தண்ணீருக்குக் 'கட்டு' என்று பெயர். நான் அதுவரை கீரை வெந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தவள்.

ஒரு முழுப் பூண்டையும் இரண்டு வெங்காயத்தையும் நெருப்பில் தோலோடு சுட்டார். தோல் கருகி உள்ளே வெண்ணெயாய்க் குழைந்ததும் உரித்து, வறுத்த மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, தேங்காய், புளியோடு அம்மியில் வைத்தார். கடைசியாக, வடித்து வைத்த பயறும் கீரையும் இரண்டு பிடி அள்ளி அதையும் சேர்த்து அரைத்தார். "இந்த ரெண்டு பிடி போடலேன்னா அது வெறும் புளித்தண்ணி" என்றார். அரைத்ததைக் கட்டில் கரைத்துக் கொதிக்கவிட்டுப் பூண்டும் கறிவேப்பிலையும் தாளித்தால் சாறு. மீதிப் பயறு கீரையை வெங்காயம், காய்ந்த மிளகாய், தேங்காய்த்துருவல் போட்டுப் பிரட்டினால் பல்ய, நம் பொரியல். நடுவில் ஒரு ராகி முத்தே. முத்தேயை மெல்லக் கூடாது, கிள்ளிச் சாற்றில் புரட்டி விழுங்க வேண்டும். எங்கள் ஊர்க் களிதான் அது, உருண்டையாக வந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் வரை எனக்குப் பசிக்கவில்லை. சாப்பிட்டு முடித்தபோது உதட்டில் ஒரு பிசுபிசுப்பும், அடித்தொண்டையில் சுட்ட பூண்டின் வாசமும் நின்றன. கறிக்குழம்புக்குப் பிறகு மட்டுமே அப்படி நிற்கும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

இதில் ஒரு சேதி இருக்கிறது. அஜ்ஜியின் வீடு சைவ வீடு இல்லை. அவர்கள் வீட்டில் ஆட்டுக்கறிச் சாறும் நாட்டுக்கோழியும் உண்டு. மைசூரு முழுக்கச் சைவம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள், அது சரியில்லை. இங்கே மட்டன் புலாவுக்காகவே விடியற்காலையில் வரிசையில் நிற்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்த வீடுகளிலும் திங்கள் ஆகாது, சனி ஆகாது, சிராவண மாதம் ஆகாது. முந்தைய தலைமுறைக்குக் கறி வாங்கக் காசும் வாரத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது. மிச்ச நாளெல்லாம் வயலில் உழைத்த உடம்புகளுக்குப் பயறும் கீரையும் ராகியுமே ஈடு கொடுத்தன. கறியின் ருசி தெரிந்த நாக்குக்குக் கறியில்லாத நாளில் என்ன வைக்க வேண்டும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். அதனால்தான் புதிதாக விடுகிறவர்களிடம் நான் அடித்துச் சொல்கிறேன்: சைவச் சமையலை முதலில் கறி சாப்பிடுகிற வீட்டில் கற்றுக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாகச் சைவமாய் இருக்கும் வீட்டுச் சமையல் அருமையானது, மேல்கோட்டைப் புளியோதரைக்கு நான் அடிமை. ஆனால் அந்த நாக்கு வேறு. அது எதையும் இழந்ததில்லை.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் என் அம்மாவின் அடுக்களை எனக்குத் திரும்பக் கிடைத்தது. கரிசல் காட்டு வீடு அது. புரட்டாசியிலும் அமாவாசை கிருத்திகையிலும் அம்மா வைத்த மொச்சைக் குழம்பு, காணத் துவையல், கம்பஞ்சோற்றுக்குத் தட்டப்பயறு போட்ட கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு எல்லாம் இங்கிருந்து யோசித்தபோது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கறி இருந்த இடத்துக்கு ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

மார்கழிப் பனி விழத் தொடங்கியதும் மைசூருக்கு அவரைக்காய் வந்துவிடும். தேவராஜ மார்க்கெட்டுக்குள் நுழையும்போதே பச்சையாய் ஒரு வாசம் மூக்கில் ஏறும். சொகடு என்பார்கள். பனி பட்டால்தான் அந்தச் சொகடு ஏறும், வாங்குகிறவர்கள் காயை முகர்ந்து பார்த்தே விலை பேசுவார்கள். கொட்டைகளை ஊற வைத்து ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிப் பாத்திரத்தில் விழும். ஹிதகித பேளே என்று இதற்குப் பெயர். பட்டை, கிராம்பு, கசகசா, தேங்காய், பச்சை மல்லித்தழை அரைத்து ஊற்றி வைக்கிற அந்தச் சாறு, மசாலாவில் ஆட்டுக்கறிச் சாற்றுக்குத் தங்கை. கறி வாசத்துக்கு ஏங்குகிறவர்களுக்கு நான் முதலில் வைத்துக் கொடுப்பது இதைத்தான். அவர்கள் ஏங்கியதில் பெரும்பங்கு மசாலாவுக்கும் வதக்கிய வெங்காயத்துக்கும் சேர்ந்தது என்று அந்த ஒரு வேளையில் தெரிந்துபோகும்.

கணக்கும் சொல்ல வேண்டும், ருசி மட்டும் பேசினால் பாதிதான். மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐ.சி.எம்.ஆர். 2020இல் சொன்னபடி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது கிராம் ஆகிறது. நூறு கிராம் துவரம்பருப்பிலோ கொள்ளிலோ ஏறக்குறைய 22 கிராம் இருக்கும். ஆனால் தண்ணிச் சாம்பார் ஒரு கரண்டியில் எத்தனை பருப்பு இருக்கும்? ஆகவே என் சமையற்கட்டில் ஆளுக்கு, வேளைக்கு, காய்ந்த பயறாக ஒரு நிறை பிடி என்று அளந்துதான் ஊறப் போடுகிறேன். அரிசி, கோதுமையில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக் கூறு பயறில் தாராளம். பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியத்தில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் நிறைவு. கே.ஆர்.எஸ். சாலையில் செலுவாம்பா மாளிகையில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் பாடுபட்டதும் இந்தப் பக்கம்தான். அங்கே உருவான பல்நோக்கு உணவு மாவில் முக்கால் பங்கு எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு, கால் பங்கு கடலை மாவு, மேலே வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும். பால், கறி எட்டாத பிள்ளைகளின் புரதக் குறையை நிலக்கடலையால் அடைக்கப் பார்த்தார்கள். அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் அந்த வாசலைப் பார்த்து மனசுக்குள் கும்பிடுவேன்.

எனக்குத் தெரியாமல் போன ஒன்றை மற்றவர்களுக்குக் கட்டாயம் சொல்லிவிடுகிறேன். விட்டு மூன்றாவது வருஷம் பாதம் மரத்தது. எறும்பு ஊர்வது போல இருக்கும், செருப்பு நழுவியது தெரியாது. முதலில் காட்டிய இடத்தில் அசதி என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு டாக்டர் ரத்தம் பார்த்ததில் பி12 அடிமட்டத்தில் இருந்தது. கறி, மீன், முட்டை, பால் தவிர வேறெதிலும் அது நம்பகமாகக் கிடைக்காது. ஈரல் சேமித்து வைத்திருப்பதை வருஷக்கணக்கில் செலவழிக்கும், அதனால் குறைவது வெளியே தெரியாது, தெரிகிறபோது நரம்பைத் தொட்டிருக்கும். புளித்த மாவில் இருக்கிறது, சுருள்பாசியில் இருக்கிறது என்பதையெல்லாம் நம்பாதீர்கள். பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி வகை. ஊசி போட்டு, பிறகு மாத்திரையில் நான் சரியானேன். இப்போது தினம் பாலும் தயிரும் உண்டு, வருஷத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை உண்டு. பாலையும் விடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். இதில் கொள்கைக்கு இடமில்லை. இரும்புச் சத்துக்கும் ஒரு வார்த்தை. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் கீரை கொடுத்ததை அது பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் பொறுங்கள். பாசிப்பருப்புக் கோசம்பரியில் எலுமிச்சை பிழிவது ருசிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், இரும்பை உடம்பில் சேர்ப்பதும் அந்தப் புளிப்புதான்.

யோகாவுக்கு வருகிற பிள்ளைகளிடம் எனக்கு வருத்தம் உண்டு. யோகா ஆசான் பட்டாபி ஜோயிஸ் 1948இல் லட்சுமிபுரத்தில் தொடங்கி, பிறகு கோகுலத்துக்கு வந்த மரபு உலகமெங்கும் போயிருக்கிறது. அதைத் தேடி வருகிற பிள்ளைகள் வந்த அன்றைக்கே கறியோடு உப்பு, எண்ணெய், தானியம், வெங்காயம் எல்லாவற்றையும் சேர்த்து விடுகிறார்கள். இரண்டு வாரத்தில் துவண்டு வந்து நிற்பார்கள். "ஒண்ணை விடுப்பா, ஒண்ணைச் சேத்துக்கோ, அப்புறம் அடுத்ததை விடு" என்று சொல்லி முதலில் ஒரு முத்தேயைத் தட்டில் வைப்பேன்.

என்னிடம் சமையல் கற்க வருகிறவர்களை உடனே கறியை விடச் சொல்வதில்லை. மூன்று பானை கற்றுக்கொள், ஒரு பஸ்ஸாரு, ஒரு மொச்சைக் குழம்பு, ஒரு முளைகட்டிய பயற்றுச் சாறு. வீட்டில் ஏற்கனவே ஆகாத நாள் இரண்டு இருக்கும், அதோடு ஒரு நாளைச் சேர். மூன்றும் கைக்கு வந்ததும் நாலாவது நாள் தானாக வரும். பந்தியில் "குழம்பு மட்டும் ஊத்திக்கோ, கறியை ஒதுக்கிடு" என்று அன்பாகத்தான் சொல்வார்கள், கோபப்படாதே. அடுத்த முறை நீயே ஒரு தூக்குவாளி குழம்பு கொண்டுபோ.

இதில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அம்மா. நான் விட்டதைப் போனில் சொன்னபோது வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இனிமே என் கையால என்னத்தம்மா திம்ப?" என்றாள். வாரா வாரம் எனக்கென்று நெஞ்செலும்பு எடுத்துவைத்தவள் அவள். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

போன தையில் அம்மா மைசூருக்கு வந்திருந்தாள். திண்ணையில் அஜ்ஜி இரண்டு படி அவரையை ஊற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவளுக்குக் கன்னடம் தெரியாது, அவருக்குத் தமிழ் அரைகுறை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சேலையைச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். முதல் நாலைந்து கொட்டை விரலிலிருந்து துள்ளி முற்றத்தில் போய் விழுந்தன. அஜ்ஜி அவள் கட்டைவிரலைப் பிடித்து முளைப் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு இரண்டு பேரும் பேசாமல் பிதுக்கிக்கொண்டே இருந்தார்கள், தோல் ஒரு பக்கம் குவிந்துகொண்டு போனது. பாத்திரம் நிறைந்ததும் அம்மா தலைநிமிராமல் உள்ளே இருந்த என்னைக் கூப்பிட்டாள். "ஏய், அம்மியைக் கழுவி வை. மசாலா நான் அரைக்கேன்."