காணிக்கையும் சகோதரனும்

மத்தேயு 5ஆம் அதிகாரத்தின் 23, 24ஆம் வசனங்களை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஆயினும் ஒன்றை அண்மையில்தான் கவனித்தேன். சகோதரன்மேல் நமக்குள்ள குறையைப் பற்றி இயேசு அங்கே பேசவில்லை. நம்மேல் அவனுக்குள்ள குறையைப் பற்றியே பேசுகிறார்.

மலைப்பிரசங்கம் நிகழ்ந்தது கலிலேயாவில். பலிபீடமோ எருசலேமில், நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தது. காணிக்கையை அங்கேயே விட்டு ஊர் திரும்பி, ஒப்புரவாகி, மீண்டும் வருவதென்றால் பல நாள் நடை. அவ்வளவு தூரமானாலும் முதலில் அதைச் செய் என்கிறார்.

பல்லாண்டுகளுக்கு முன் நான் எழுதிய செய்தியொன்றில் நண்பர் ஒருவரின் பெயர் தவறாக இடம்பெற்றுவிட்டது. மறுநாள் உட்பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் வெளியானது. அத்தோடு என் கடமை முடிந்ததென்றிருந்தேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். நானோ ஞாயிறு ஆராதனைகளில், காணிக்கைக்கு முன்னர், அருகிலிருப்போரின் கைகளைப் பற்றிச் சமாதானம் கூறிவந்தேன்.

சென்ற வாரம் அவர் வீட்டுப் படலையைத் திறந்தேன். இரண்டு தெருக்கள் தள்ளித்தான் வீடு. பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் உள்ளே திரும்பி, இருவருக்கும் தேநீர் போடச் சொன்னார்.