12 நாளா, 21 நாளா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஃபுட்டின்னா என்னன்னே தெரியாதவங்களும் படிக்கலாம். மைதானத்துல ஆரம்பிச்சு என் கிளினிக்ல வந்து நிக்கும். சம்பந்தப்பட்ட பையன், அவன் பெற்றோர்கிட்ட அனுமதி வாங்கியிருக்கேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

மெல்பர்ன்ல செப்டம்பர் மாசம் வியாழக்கிழமை சாயங்காலம் யார்கிட்டயும் முக்கியமான விஷயம் எதுவும் பேச முடியாது. வார இறுதி மேட்சுக்கு டீம் அறிவிக்கிற நேரம் அது. யார் உள்ள, யார் வெளிய. எங்க கிளினிக் ரிசப்ஷன்ல இருக்கிற அம்மா பரம்பரை கார்ல்டன் ரசிகை. அந்த நேரத்துல போன் அடிச்சா மூணாவது மணிக்குத்தான் எடுப்பாங்க.

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலைத்தான் இங்க ஃபுட்டின்னு செல்லமாச் சொல்லுவாங்க. கிரிக்கெட் மைதானத்துல முட்டை வடிவப் பந்தோட ஒரு பக்கத்துக்கு 18 பேர். நாலு கம்பம். நடுக் கம்பம் ரெண்டுக்கும் இடையில உதைச்சா 6 பாயிண்ட், பக்கத்துல போனா 1. ஆஃப்சைடு கிடையாது. எந்தத் திசையிலிருந்தும் ஆள் வந்து மோதலாம். மதுரையில கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு இது பிடிபட மூணு வருஷம் ஆச்சு.

எனக்கு டீம் பிடிச்சுக் கொடுத்தவர் என் நோயாளி ஒருத்தர். எண்பதை நெருங்குறவர், மெல்பர்ன் டெமன்ஸ் ரசிகர். 1964 கோப்பைக்கு அப்புறம் அடுத்த கோப்பைக்காக 2021 வரைக்கும், 57 வருஷம் காத்திருந்தவர். பிரஷர் மாத்திரைக்கு வருவார். கையில பட்டையைச் சுத்தறதுக்குள்ள "ரக்ல யாரைப் போடுவாங்க?"ன்னு ஆரம்பிச்சுடுவார். முதல்ல பிரஷர், அப்புறம்தான் டீம்னு எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம்.

2023 செப்டம்பர்ல நாங்க ரெண்டு பேரும் போட்ட சண்டை பெருசு. ப்ரோடி க்ரண்டியை அந்த வருஷம்தான் காலிங்வுட்ல இருந்து கூட்டிட்டு வந்திருந்தாங்க. ரெண்டு மீட்டருக்கு மேல உயரம். ஆனா ஃபைனல்ஸ்ல டீம்ல இல்ல. இன்னொரு பக்கம் ஃபார்வர்ட் லைன் காலி. மெல்க்‌ஷமுக்கு முழங்கால் ஏசிஎல் போச்சு, வான் ரூயனுக்கு ஒரு மேட்ச் தடை. "உயரமான ஆளை வெளிய உக்கார வெச்சுட்டு யாரை வெச்சு கோல் போடப் போறாங்க?"ன்னு நான். "ரக்மேன் ஃபார்வர்ட் ஆக மாட்டான், ஃபார்ம்னு ஒண்ணு இருக்கு டாக்"னு அவர். அந்த ஜூன்லதான் ஓவல்ல டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலுக்கு அஷ்வினை வெளிய உக்கார வெச்சிருந்தாங்க. அந்தக் கோபமும் சேர்ந்து நான் க்ரண்டிக்காகக் கொஞ்சம் அதிகமாவே கத்தினேன்.

ஆனா அந்த வாரம் எல்லாரும் உண்மையிலேயே பேசினது ஆங்கஸ் ப்ரேஷாவைப் பத்தி. செப்டம்பர் 7, எம்சிஜி, காலிங்வுட்டோட முதல் ஃபைனல். முதல் குவார்ட்டர்ல ப்ரேஷா பந்தை உதைக்கிறார். அதைத் தடுக்க காலிங்வுட்டோட மேனார்ட் எகிறுறார். இறங்கும்போது அவர் தோள் ப்ரேஷா தலையில மோதுச்சு. ப்ரேஷா நினைவில்லாம அப்படியே தரையில கிடந்தார். ஸ்ட்ரெச்சர் வந்துச்சு. அவர் எப்பவும் ஹெல்மெட் போட்டுத்தான் ஆடுவார், அன்னைக்கும் போட்டிருந்தார். மெத்து வெச்ச அந்த ஹெல்மெட் தோல் கிழியறதை ஓரளவு தடுக்கும். உள்ள மூளை குலுங்குறதைத் தடுக்கும்னு நம்ப ஆதாரம் இல்ல.

மேனார்ட் பண்ணது தப்பா இல்லையான்னு ஊரே ரெண்டா நின்னுச்சு. ட்ரிப்யூனல் அவரை விடுவிச்சுது. அதுக்குள்ள நான் போகல.

நான் பண்ணது வேற. மறுநாள் காலையில காபி குடிச்சுக்கிட்டே கேலண்டரைப் பார்த்தேன். கன்கஷன் ஆன ஏஎஃப்எல் வீரர் குறைஞ்சது 12 நாள் ஆடக்கூடாது. 7ஆம் தேதியோட 12ஐக் கூட்டினா 19. அடுத்த மேட்ச் 15ஆம் தேதி, கார்ல்டனோட. சரி, ஆட முடியாது. அதுல ஜெயிச்சா அதுக்கடுத்த வாரம் ப்ரிலிமினரி ஃபைனல். அப்போ ஆடலாம்! மனசுக்குள்ள ஒரு சந்தோஷம். நினைவில்லாம தூக்கிட்டுப் போன மனுஷனை, 24 மணி நேரம்கூட ஆகல, நான் டீம்ல திரும்பப் போட்டுட்டேன்.

நான் ஒரு டாக்டர். அதுவும் ரெண்டு மாசம் முன்னாடி, ஜூலையில, ஹெதர் ஆண்டர்சன் பத்தின செய்தியைப் படிச்சிருந்தேன். அடிலெய்டுக்காக ஏஎஃப்எல் மகளிர் லீக்ல ஆடினவங்க. 2022ல 28 வயசுல இறந்துட்டாங்க. மூளையைப் பரிசோதிச்சப்ப சிடிஇ இருந்தது தெரிஞ்சுது. திரும்பத் திரும்ப தலையில அடிபட்டவங்களுக்கு வருஷக்கணக்குல மூளை சிதையற நோய் அது. உயிரோட இருக்கும்போது உறுதியாக் கண்டுபிடிக்க வழியில்ல. ப்ரொஃபஷனல் விளையாட்டுல இருந்த பெண் ஒருத்தருக்கு அதைக் கண்டுபிடிச்சது அதுதான் முதல் முறை. ஜூலையில அதைப் படிச்சுட்டுப் பெருமூச்சு விட்ட அதே ஆள்தான் செப்டம்பர்ல விரல் விட்டு எண்ணினது.

15ஆம் தேதி கார்ல்டன் 73, மெல்பர்ன் 71. ரெண்டே ரெண்டு பாயிண்ட். 9 கோல், 17 பிஹைண்ட். அத்தனை சான்ஸை வீணடிச்சுட்டுத் தோத்தாங்க. "ப்ரேஷா இருந்திருந்தா..."ன்னு பெரியவர் ஆரம்பிச்சார். "ஆமா"ன்னு நானும் சொன்னேன். அடுத்த திங்கக்கிழமை ரிசப்ஷன் அம்மா நேவி ப்ளூ ஸ்கார்ஃபோட வந்தாங்க. அதைப் பத்தி எழுத விருப்பமில்ல.

2024 பிப்ரவரியில ப்ரேஷா ஓய்வு அறிவிச்சார். வயசு 28. 167 மேட்ச். 2021ல எடுத்த ஸ்கேனோட புதுசை ஒப்பிட்டுப் பார்த்தப்ப மூளையில நுண்ணிய மாற்றங்கள் தெரிஞ்சதா கிளப் சொல்லுச்சு. அந்த ப்ரிலிமினரி ஃபைனல்ல மெல்பர்ன் இருந்திருந்தா, 12 நாள் கணக்குப்படி அவர் ஆடத் தகுதியானவர்னு நான் எண்ணி வெச்சிருந்தேன்.

இப்போ பையன் கதை.

இங்க ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு கிளப்பும் அடிபட்டவங்க பட்டியல் வெளியிடும். ஹாம்ஸ்ட்ரிங், 2 முதல் 3 வாரம். கணுக்கால், டெஸ்ட். டெஸ்ட்னா மேட்சுக்கு முன்னாடி ஓட விட்டுப் பார்த்து முடிவு பண்றது. ரசிகர்கள் இந்தப் பட்டியலை ராசிபலன் மாதிரி படிப்பாங்க. தசை கிழிஞ்சா எம்ஆர்ஐல தெரியும். ஓட விட்டா நொண்டறது கண்ணுக்கே தெரியும். கன்கஷன்ல சிடி ஸ்கேன் பெரும்பாலும் நார்மலா இருக்கும். ஆள் ஓடுவான், குதிப்பான், பந்தைப் பிடிப்பான். தலைவலி இருக்கா, வெளிச்சம் கூசுதா, மந்தமா இருக்கான்னு அவனையேதான் கேக்கணும். டீம்ல இருக்கணும்னு யாரைவிடவும் அதிகமாத் துடிக்கிறவன் அவன்தான். நமக்கு இருக்கிற ஒரே சாட்சியும் அவன்தான்.

எங்க ஏரியா கிளப்ல ஆடற 17 வயசுப் பையன், போன வருஷம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவோட வந்தான். முந்தின வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை அடி பட்டிருந்துது. வேற கிளினிக்ல பார்த்து கன்கஷன்னு சொல்லியிருந்தாங்க. வர்ற சனிக்கிழமை ப்ரிலிமினரி ஃபைனல். அதுக்கடுத்த சனி கிராண்ட் ஃபைனல்.

அப்பா உக்காரும்போதே கேட்டார். "இன்னைக்கு 12ஆவது நாள், டாக். ஏஎஃப்எல்ல 12 நாள் போதும்ங்கிறாங்க. என் பையனுக்கு மட்டும் ஏன் 21?"

நியாயமான கேள்வி. பெரிய லீக்ல அடிபடறதுக்கு முன்னாடியே அந்த வீரரோட நினைவுத்திறன், வேகம் எல்லாம் அளந்து வெச்சிருப்பாங்க. அதோட ஒப்பிட்டுப் பார்க்க தினமும் பக்கத்துல டாக்டர் இருப்பார். அப்படியும் 12 நாள்ங்கிறது குறைஞ்சபட்சம்தான், பல பேருக்கு அதுக்கு மேல ஆகும். ஏரியா கிளப்ல பேண்டேஜ் பெட்டியோட ஒரு அம்மாவோ அப்பாவோ இருப்பாங்க. வளர்ற மூளை சரியாக நாளும் அதிகம் எடுக்கும். அதனாலதான் 2024ல வந்த வழிகாட்டுதல் இந்த மாதிரிப் பசங்களுக்குக் குறைஞ்சது 21 நாள்னு வெச்சுது. அதுலயும் அறிகுறி எதுவும் இல்லாம 14 நாள் போன பிறகுதான் உடம்பு மோதற பயிற்சி.

அப்பா விரல் விட்டு எண்ணினார். "ரெண்டாவது நாளே தலைவலி போயிடுச்சுன்னு சொன்னான். அப்போ 16ஆவது நாள் பயிற்சி. 21ஆவது நாள் கிராண்ட் ஃபைனல். சரியா வருதே!" கணக்கு சரி. அந்த விரலைப் பார்க்க எனக்குத்தான் என்னவோ மாதிரி இருந்துது.

இந்த வயசுப் பசங்க வந்தா கொஞ்ச நேரம் தனியாப் பேசறது இங்க வழக்கம். அப்பா வெளிய போனார். டிசம்பர்ல இருந்து மாசங்களைத் தலைகீழாச் சொல்லச் சொன்னேன். கடகடன்னு சொன்னான். பத்து வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கச் சொல்லிக் கேட்டேன், நல்லாவே சொன்னான். குதிகாலோட நுனிக்கால் ஒட்டி நேர்கோட்டுல நடந்தான். எல்லாத்துலயும் பாஸ். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்: "ஸ்கூல் எப்படிப் போகுது?"

ரொம்ப நேரம் ஷூவைப் பார்த்தான். அப்புறம் சொன்னான். "திங்கக்கிழமை மேத்ஸ் கிளாஸ்ல ஸ்க்ரீனைப் பார்க்க முடியல. டாய்லெட்ல லைட்டை அணைச்சுட்டு உக்காந்திருந்தேன்."

திங்கக்கிழமைன்னா ஒன்பதாவது நாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? டீம் குரூப்ல எல்லாரும் இதைத்தான் பேசிட்டிருக்காங்க. நான் வந்தா யாரைத் தூக்கணும்ங்கிற வரைக்கும் முடிவு பண்ணிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "நீங்களும்தான் கேட்டீங்க, டாக்டர்."

கேட்டிருந்தேன். அதுக்கு முந்தின வாரம் சூப்பர் மார்க்கெட் வாசல்ல. "தலை சரியாயிடுச்சா? ஃபைனல்ஸுக்கு வந்துடுவேல்ல?"ன்னு சிரிச்சுக்கிட்டே ஒரே மூச்சுல ரெண்டு கேள்வி. "வந்துடுவேன்"னான். முதல் கேள்விக்கு அவன் பதிலே சொல்லலைங்கிறது எனக்கு அப்போ உறைக்கல. தயிரும் ரொட்டியும் வாங்கிட்டுப் போயிட்டேன்.

அப்பாவைக் கூப்பிட்டேன். நான் சொல்றேன்னேன். "இல்ல, நானே சொல்றேன்"னுட்டு அவனே சொன்னான். அப்பா உடனே ஒண்ணும் பேசல. "அப்போ கிராண்ட் ஃபைனலும் இல்லையா?"ன்னு மட்டும் கேட்டார். இல்லன்னேன். கோபமாத்தான் எழுந்தார். கோபம் யார் மேலன்னு எனக்குத் தெரியல. கதவு வரைக்கும் போய்ட்டு, திரும்பி வந்து, பையனோட கழுத்துல கை வெச்சுக் கூட்டிட்டுப் போனார்.

இடையில ஒரு டாக்டரா இதைச் சொல்லிடறேன். தலையில அடிபட்டவங்களுக்கு வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி ஏறிக்கிட்டே போனாலோ, வலிப்பு, குழப்பம், அதீதத் தூக்கம், கை கால் பலவீனம், பார்வை ரெண்டாத் தெரியறதுன்னு எது வந்தாலும் நேரா எமர்ஜென்சி. அது எதுவும் இல்லாட்டியும் கன்கஷன்னு சந்தேகம் வந்தா அன்னைக்கு மறுபடி இறக்கவே கூடாது. கபடியில தலை முட்டினாலும் இதேதான்.

சனிக்கிழமை நானும் மைதானத்துக்குப் போனேன். போகாம இருக்க முடியல. பையன் கிளப் ஜாக்கெட்டோட, பச்சைத் தண்ணி பாட்டில்களைத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடி ஓடி வந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் ரெண்டு பேர், "ஓடறதைப் பாரு, நல்லாத்தானே இருக்கான். ஆட விட்டிருக்கலாம்"னு பேசிக்கிட்டாங்க. அவன் டீம் அன்னைக்கு ஜெயிச்சு, அடுத்த வாரம் தோத்துது. அவன் அப்பா சாசேஜ் கவுண்ட்டர்ல நின்னார். எனக்கு ஒண்ணு கொடுத்தார், காசு வாங்கல. பேசவும் இல்ல.

இந்த ஏப்ரல்ல அதே சூப்பர் மார்க்கெட் வாசல்ல அவனைப் பார்த்தேன். சீசன் ஆரம்பிச்சு ரெண்டு மூணு மேட்ச் ஆடியிருந்தான். "தலை எப்படி இருக்கு?"ன்னு மட்டும் கேட்டுட்டு நின்னேன்.

"தலை நல்லா இருக்கு"ன்னான். "ஃபார்ம்தான் கேவலமா இருக்கு. அடுத்த வாரம் தூக்கிடுவாங்க போல."