"350 ரூபாய்தான்னு சொன்னாங்க..!" - நள்ளிரவில் ஒரு பூட்டிய கதவு எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு

இரவு 10.40 மணி. ஷிஃப்ட் முடிந்து லிஃப்டுக்காகக் காத்திருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"பாப்பா, நான்தான். எதிர்வீட்டுப் புள்ள போன்ல இருந்து பேசுறேன். கதவு பூட்டிக்கிச்சு."

"யாரும்மா பூட்டினா?"

"யாரும் பூட்டல. அதுவா பூட்டிக்கிச்சு."

அம்மாவுக்குத் திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். கண்புரை ஆபரேஷனுக்காகச் சென்னைக்கு வந்து, வடபழனியில் நான் வாடகைக்கு இருக்கும் ஃப்ளாட்டில் தங்கியிருந்தார். ஆபரேஷன் முடிந்து அன்றைக்கு நான்காவது நாள். குப்பைக் கவரை வாசலில் வைக்க வெளியே வந்திருக்கிறார். பால்கனிக் காற்று கதவை அறைந்து சாத்திவிட்டது. போன் உள்ளே. கறுப்புக் கண்ணாடி உள்ளே. தூங்கும் முன் கண்ணில் விட வேண்டிய சொட்டு மருந்தும் உள்ளே.

"என்கிட்ட இன்னொரு சாவி இருக்கும்மா. பயப்படாத, வந்துடுறேன்" என்றேன், ரொம்ப தைரியமாக.

11.15-க்கு வீட்டு வாசலில் நின்றேன். எதிர்வீட்டு அக்கா போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் சேரில், நைட்டிமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார். என் சாவியைத் துவாரத்தில் விட்டேன். பாதிக்கு மேல் போகவில்லை. திருப்பி விட்டேன், ஊதிப் பார்த்தேன். ம்ஹூம்.

"உள்பக்கம் சாவியை அதுலயே சொருகி வச்சிருந்தேன் பாப்பா. தொலைஞ்சிடக் கூடாதுல்ல..."

எங்கள் கதவில் இருப்பது இரண்டு பக்கமும் சாவி போடும் சிலிண்டர் பூட்டு. இந்த வகையில் பெரும்பாலானவற்றில், உள்ளே சாவி சொருகியிருந்தால் வெளியே இருந்து இன்னொரு சாவி வேலை செய்யாது. இரண்டு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் ஊரே பெருமைப்பட்டது. அப்படிப்பட்ட பூட்டு ஊரிலிருந்து வந்த அம்மா, பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். ஆனால், அவர் தப்பு என்ன? எங்கள் வீட்டுக் கதவில் தொங்குவது கையடக்கமான இரும்புப் பூட்டு. வெளியே நின்று நாமாகப் பூட்டினால்தான் அது பூட்டும். காற்றடித்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

போனை எடுத்துத் தேடினேன். இங்கே ஓர் ஒப்புதல் வாக்குமூலம்... நான் வேலை பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில். தேடலில் எது முதலில் வரும், ஏன் வரும், மேலே வருவதில் எதெல்லாம் விளம்பரம் என்பது எனக்கு அன்றாடப் பாடம். அப்படி இருந்தும், முதலில் வந்த எண்ணைத்தான் அழுத்தினேன். பதற்றத்தில் விரல் மேலே இருப்பதைத்தான் தொடுகிறது.

"சார்ஜ் எவ்வளவுங்க?"

"350 ரூபாய்ல ஆரம்பம் மேடம்."

என் காதில் 350 மட்டும்தான் விழுந்தது. 'ஆரம்பம்' விழவில்லை. என்ன பூட்டு, எந்த மாடி, சாவி எங்கே என்று எதுவுமே அவர் கேட்கவில்லை. லொக்கேஷன் மட்டும் அனுப்பச் சொன்னார்.

12.05-க்கு இரண்டு இளைஞர்கள் டிரில்லிங் மெஷினோடு வந்தார்கள். பூட்டின்மேல் டார்ச் அடித்தார்கள். "டபுள் சைடு சிலிண்டர் மேடம். டிரில் பண்ணாத்தான் வரும். 3,800 ஆகும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணக்கு கேட்டேன். வந்ததற்கு 350, நைட் சார்ஜ் 800, டிரில் செய்ய 1,200, புது சிலிண்டர் 1,450. தேதி 28. என் அக்கவுன்ட்டில் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம். அதோடு, கதவு என்னுடையதும் இல்லை. ஹவுஸ் ஓனரைக் கேட்காமல் பூட்டைத் துளைத்தால் அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார் என்று வேறு மனசு கணக்குப் போட்டது. அவருக்கு மூன்று முறை போன் அடித்தேன்; எடுக்கவில்லை.

"சீக்கிரம் சொல்லுங்க மேடம், அடுத்த கால் இருக்கு" என்றார் ஒருவர்.

சேரில் இருந்து அம்மா மெதுவாகச் சொன்னார். "வந்ததுல இருந்து உனக்கு என்னால செலவுதான். நாளைக்கு என்னை பஸ் ஏத்தி விட்டுரு பாப்பா. மிச்ச செக்கப்பை ஊர்லயே பார்த்துக்கிறேன்."

3,800-ஐவிட அதுதான் வலித்தது. 'சரி, உடைங்க' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது கீழேயிருந்து ஏறி வந்த வாட்ச்மேன் தாத்தா குறுக்கே வந்தார். "கொஞ்சம் இரும்மா. பாய்க்கு ஒரு போன் போட்டுப் பார்ப்போம்."

வந்தவர்களுக்கு 350 கொடுத்து அனுப்பினேன். அந்த 350-ல் எனக்கு வருத்தமில்லை. நடுராத்திரியில் வண்டி எடுத்து வந்திருக்கிறார்கள். அது அவர்கள் கூலி. மிச்சம் 3,450 இருப்பதைப் போனிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

பாய் போனில் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. "பூட்டினீங்களா, இல்ல கதவு சும்மா சாத்திக்கிச்சா? மரக் கதவா, இரும்பா? முன்னாடி கிரில் இருக்கா? உள்ளே யாராவது இருக்காங்களா, அடுப்பு எரியுதா?" கதவையும் பூட்டையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு விலை சொன்னார். "உடைக்காம திறந்துட்டா 700. திறக்கலைன்னா சிலிண்டர் மாத்தணும், எல்லாம் சேர்த்து 2,200 வரைக்கும் போகும். வந்து பார்த்து, கை வைக்கிறதுக்கு முன்னாடி எதுன்னு சொல்லிடுறேன். சம்மதம்னா வண்டி எடுக்கிறேன்."

அரை மணி நேரத்தில் டி.வி.எஸ் 50-யில் வந்து இறங்கினார். அறுபது வயது இருக்கும். பையைத் திறக்கவே இல்லை. "ஐ.டி காட்டும்மா" என்றார். என் ஆதாரில் ஊர் முகவரி. மெயிலில் இருந்த வாடகை ஒப்பந்தத்தைத் தேடிக் காட்டினேன். எதிர்வீட்டு அக்காவிடமும், "இவங்க வீடுதானே?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார். நள்ளிரவில் எரிச்சலாகத்தான் இருந்தது. யோசித்தால், இதைக் கேட்காத ஆள் நாளைக்கு யார் கூப்பிட்டாலும் என் வீட்டுக் கதவைத் திறந்துவிடுவார் அல்லவா?

பிறகு குனிந்து கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருக்கும் இடுக்கைப் பார்த்தார். முதலில் வந்தவர்கள் அதைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவு பூட்டப்படவில்லை, வெறும் ஸ்பிரிங் நாக்கில் மாட்டிக்கொண்டு நின்றது. பையிலிருந்து பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றை எடுத்தார். அதை என்ன செய்தார் என்று இங்கே எழுதப்போவதில்லை. நான்கு நிமிடத்தில் 'டக்' என்று கதவு திறந்தது. ஒரு கீறல் இல்லை.

ஓடிப்போய் மருந்தை எடுத்து அம்மாவின் கண்ணில் விட்டேன். மணி 1.05.

அடுத்து நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நிம்மதி வந்ததும் புத்தி கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. "நாலு நிமிஷ வேலைதானே பாய்... 500 வச்சுக்கோங்களேன்" என்றேன். 3,800 ரூபாய்க்குப் பூட்டை உடைக்கச் சொல்ல இருந்த அதே வாய்! பாய் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் 500-ஐ வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

கதவைச் சாத்தியதும் அம்மா பிடித்துக்கொண்டார். "அந்த மனுஷன் இன்னும் ரெண்டு மணி நேரம் போராடி, பூட்டையும் உடைச்சிருந்தா கேட்ட காசைக் கொடுத்திருப்ப. கை சுத்தமா வேலை பார்த்தவனுக்குக் குறைக்கிறியா?"

மறுநாள் காலை 200 ரூபாயை எடுத்துக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில், மரத்தடியில், வளையங்களில் நூற்றுக்கணக்கான சாவிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தினமும் அவரைத் தாண்டித்தான் ஆபீஸுக்குப் போகிறேன். ஒரு நாளும் பார்த்ததில்லை. பணத்தை நீட்டியதும் சிரித்தார். "எல்லாரும் செய்றதுதாம்மா. திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு விலை, திறந்த பிறகு ஒரு விலை. கொஞ்ச நேரம் ராவிட்டு, வேர்வையைத் துடைச்சுக்கிட்டுத் திறந்தா யாரும் பேரம் பேச மாட்டாங்க. எனக்கு அது வராது."

டூப்ளிகேட் சாவி வெட்டிக்கொண்டே பேசினார். ராத்திரி என்றால் பகலைவிட அதிகம். தூரம் கூடினால் கூடும். ஆனால், விலையைப் பெரிதாக மாற்றுவது பூட்டும் அது நிற்கும் நிலையும்தான். எங்கள் வீட்டைப்போலச் சும்மா சாத்திக்கொண்டது என்றால் வேலை சுலபம். சாவி போட்டு முழுதாகப் பூட்டி, சாவியைத் தொலைத்துவிட்டால் வேலை கூடும். நல்ல லீவர் பூட்டு என்றால் இன்னும் நேரம் பிடிக்கும். கிரில்லில் தொங்கும் பூட்டை வெட்டுவது சுலபம்; ஆனால், புதுப் பூட்டு வாங்க வேண்டும். சாவி உள்ளேயே உடைந்து மாட்டிக்கொண்டால், முதலில் அந்தத் துண்டை எடுப்பதே தனி வேலை. "நீங்களே ஸ்க்ரூ டிரைவரை விட்டு நோண்டிட்டுக் கூப்பிட்டா, அதுக்குத் தனி ரேட்டு" என்று கண்ணடித்தார்.

டிஜிட்டல் லாக் பற்றிக் கேட்டேன். "பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு பாதி பேர் கூப்பிடுவாங்க. பல மாடல்ல வெளியவே ரெண்டு புள்ளி இருக்கும். 9 வோல்ட் பேட்டரியை அதுல வச்சா உயிர் வந்துடும். போன்லயே சொல்லிடுவேன். அதுக்கு எதுக்குக் காசு?"

உள்ளே குழந்தை மாட்டிக்கொண்டாலோ, அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலோ தன்னைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றார். "101 இல்லைன்னா 112 அடிங்க. ஃபயர் சர்வீஸ்காரங்க வருவாங்க. அங்க பூட்டைக் காப்பாத்துறதா முக்கியம்?"

கிளம்பும்போது கேட்டேன். "அந்த பசங்க ஏன் பாய் இடுக்கைக்கூட பார்க்கல?"

"தெரியாம இருக்கலாம். தெரிஞ்சும் பார்க்காம இருக்கலாம். டிரில் பண்ணா பூட்டும் விக்கும்ல? ஆனா, சில பூட்டுக்கு டிரில்தான் வழி. அதையும் சொல்லணும்." டூப்ளிகேட் சாவியை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து என் கையில் வைத்தார். தன் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, "போன்ல மட்டும் ஏத்தாத. போன் உள்ள மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவ?" என்றார். சீட்டு இப்போது வாட்ச்மேன் தாத்தாவின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. டூப்ளிகேட் சாவி எதிர்வீட்டு அக்காவின் சாமி ஷெல்ஃபில்.

அம்மா மறுநாள் ஊருக்குப் போகவில்லை. செக்கப் முடியும்வரை இருந்தார். கதவுப் பக்கம் போகும்போதெல்லாம் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். வாசலில் கோலம் போடப் போனாலும் சரி, பால் பாக்கெட் எடுக்கப் போனாலும் சரி, முடிச்சு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை வெளியே வைப்பார்.

போன வாரம் அவரை திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அப்படியே ஆபீஸுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று பையைத் துழாவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"பாப்பா, பஸ்ல இருந்துதான் பேசுறேன். ஒன்னு சொன்னா திட்ட மாட்டியே? என் முந்தில ஒரு சாவி இருக்கு. காலையில கதவைப் பூட்டினது நான்தான்ல... உன் சாவியாலதான் பூட்டினேன்னு நினைக்கிறேன்."

நான் எதிர்வீட்டு காலிங் பெல்லை அழுத்தினேன்.